லயத்துக்கு ஒரு பற்றரி டிரில்: வாங்கு முன் யோசிக்க வேண்டியவை

(தோட்ட சனசமூக நிலையத்தில் நடந்த மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியதன் எழுத்து வடிவம்)



பற்றரி டிரில் மெஷினைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று நோட்டீஸ் போட்டதும், "என்னாங்க ஐயா, போஷாக்கு, சேமிப்பு, சுகாதாரம் எல்லாம் முடிஞ்சு இப்ப மெஷின் வியாபாரமா?" என்று ஒரு தாய் சிரித்துக்கொண்டே கேட்டார். வியாபாரம் இல்லை. எந்தக் கம்பனிக்காகவும் நான் பேச வரவில்லை. ஆனால் நம்ம தோட்டத்தில் வாலிபப் பிள்ளைகள் பலர் இந்த மெஷினை வாங்குகிறார்கள். சிலர் நல்லதாக வாங்கியிருக்கிறார்கள். சிலர் ஏமாந்திருக்கிறார்கள். கொழுந்து எடுத்துச் சம்பாதித்த காசு ஏமாற்றுக்காரன் கையில் போகக் கூடாது. அதனால்தான் இந்தப் பேச்சு.

இன்னொரு காரணமும் உண்டு. நம்முடைய லயங்களில் பல வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியவை. 10 அடிக்கு 12 அடி காம்பராவில் அப்பா, அம்மா, பிள்ளைகள், தாத்தா பாட்டி எல்லோரும் இருக்கிறோம். சாமான் வைக்கச் சுவரில் ஒரு தட்டு இருந்தால் தரையில் கொஞ்சம் இடம் கிடைக்கும். மருந்துப் போத்தலும் மண்ணெண்ணெய்ப் போத்தலும் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போகும். பாட்டி படி ஏறும் இடத்தில் கைப்பிடி ஒன்று பூட்டினால் அவர் விழமாட்டார். எல்லாவற்றையும் விட, கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாமல் எத்தனை வீட்டில் வயசுக்கு வந்த பிள்ளைகள் உள்ளே ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள்! தாழ்ப்பாள் பெரிய விலை இல்லை. நாலு ஸ்குரு ஆணி. அதைப் பூட்ட ஆள் வரவில்லை என்று மாதக் கணக்கில் அப்படியே கிடக்கிறது. வெளியிலிருந்து பாஸைக் கூப்பிட்டால், சின்ன வேலைக்கு அவர் வரமாட்டார். வந்தால் அரை நாள் கூலி கேட்பார். அவரையும் குறை சொல்ல முடியாது, அவருக்கும் நாள் போகிறது.

ஆகவே இந்த மெஷின் ஆடம்பரச் சாமான் இல்லை. சரியானதைப் பார்த்து வாங்கினால் பத்து வருஷம் உதவும். தவறானதை வாங்கினால் பத்து நாளில் மூலையில் கிடக்கும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

கடைக்குப் போகு முன் ஒரு கடதாசியில் எழுதுங்கள்: என் வீட்டில் இதனால் என்ன வேலை இருக்கிறது? கதவு, ஜன்னல் கீல் பூட்டுவது, தாழ்ப்பாள், மேசைக் கால் இறுக்குவது, பலகைத் தட்டு, திரைச்சீலைக் கம்பி, கூரைத் தகரத்துக்கு ஸ்குரு, கோழிக்கூடு. நம்ம ஆட்களின் வேலையில் பெரும் பகுதி இதுதான். இவை எல்லாம் மரத்திலும் மெல்லிய தகரத்திலும் செய்கிற வேலை. இதற்குச் சின்ன மெஷினே போதும்.

சுவரில் துளை போடுகிற வேலை அடுத்தது. பழைய லயச் சுவர் கல்லும் மண்ணும், அல்லது செங்கல்லும் சுண்ணாம்பும். ஏழு பேர்ச் காணியில் கட்டிய புது வீடுகளில் சீமெந்துக் கல்லு. ஜன்னலுக்கு மேலே கொன்கிரீட் லின்டல். செங்கல்லில் துளை போடுவது சுலபம். சீமெந்துக் கல்லும் பரவாயில்லை. கொன்கிரீட்தான் கஷ்டம். வருஷத்துக்கு இரண்டு துளை கொன்கிரீட்டில் போடுவதற்காகப் பெரிய மெஷின் வாங்க வேண்டியதில்லை. அதை ஒரு நாளைக்கு இரவல் எடுக்கலாம், வாடகைக்கும் எடுக்கலாம்.

கரண்ட் டிரிலா, பற்றரி டிரிலா?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதே காசுக்குக் கரண்டில் ஓடும் டிரில் அதிக பலம் உள்ளது. அதில் பற்றரி இல்லை, ஆகவே பற்றரி செத்துப் போகிற பிரச்சினையும் இல்லை. பிளக் பொயின்ட் பக்கத்திலேயே வேலை, சுவர்த் துளைதான் அதிகம் என்றால் கரண்ட் டிரிலே லாபம்.

ஆனால் நம்ம இடத்தில் பிளக் பொயின்ட் ஒரு காம்பராவில் ஒன்று, வேலை இருப்பதோ கக்கூஸ் கதவில், தோட்டத்து வேலியில், கூரை மேலே. ஈரத் தரையில் வயர் இழுத்துக்கொண்டு போய் 230 வோல்ட் மெஷினைப் பிடிப்பது ஆபத்து. மழைக் காலத்தில் சொல்லவே வேண்டாம். பழைய லயங்களில் எர்த் வயரும் டிரிப் சுவிட்ச்சும் சரியாக வேலை செய்கிறதா என்று யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட இடத்தில் பற்றரி மெஷின்தான் பாதுகாப்பு. ஏணியில் ஏறும்போதும் காலில் சுற்ற வயர் கிடையாது. 2022-இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டிய காலம் ஞாபகம் இருக்கும். அப்படியான நாளிலும் சார்ஜ் ஏற்றி வைத்த மெஷின் வேலை செய்யும்.

இது புதுசாக வந்த விளையாட்டுச் சாமானும் இல்லை. 1961-இல் அமெரிக்காவில் பிளாக் அன்ட் டெக்கர் கம்பனி கம்பியில்லாத டிரிலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1971-இல் அப்பல்லோ 15-இல் போனவர்கள் சந்திரனின் தரையில் துளை போட்டதும் பற்றரி டிரிலால்தான். அந்தக் காலத்துப் பற்றரி பாரம், சீக்கிரம் இறங்கிவிடும். இப்போது வருவது லித்தியம் பற்றரி. பாரம் குறைவு, நாள் கணக்கில் சார்ஜ் நிற்கும். கடையில் பழைய நிக்கல் கட்மியம் பற்றரி மெஷின் மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதற்குப் புதுப் பற்றரி தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பெட்டியில் இருக்கும் வோல்ட் கணக்கு

இங்கேதான் நம்ம பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். கவனமாகக் கேளுங்கள்.

லித்தியம் பற்றரிக்கு உள்ளே சின்னச் சின்னச் செல்கள் இருக்கும். டோர்ச் லைட் பற்றரி மாதிரி உருண்டையானவை. ஒரு செல் 3.6 வோல்ட். முழுக்கச் சார்ஜ் ஏறினால் 4.2 வோல்ட். மூன்று செல்லை வரிசையாகக் கோர்த்தால் 10.8 வோல்ட், அதைத்தான் 12 வோல்ட் என்று விற்கிறார்கள். ஐந்து செல்லைக் கோர்த்தால் 18 வோல்ட். அதே ஐந்து செல்லுக்கு முழுச் சார்ஜ் கணக்குப் போட்டால் 21 வோல்ட். ஆகவே ஒரு கம்பனி 18 என்று போடும், இன்னொன்று 20 என்று போடும், இன்னொன்று 21 என்று போடும். மூன்றும் ஒரே வகைதான். "அது 18, இது 21, இதுதான் பெரிசு" என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

அடுத்தது 48 வோல்ட், 88 வோல்ட், 128 வோல்ட் என்று பெரிய எழுத்தில் போட்ட மலிவு மெஷின்கள். கணக்குப் பாருங்கள். 88 வோல்ட் வேண்டுமென்றால் 24 செல் வேணும். ஒரு செல்லின் பாரம் ஏறத்தாழ 45 கிராம். செல் மட்டும் ஒரு கிலோவுக்கு மேலே வரும். கையில் எடுத்துப் பாருங்கள், அந்தப் பற்றரி அரைக் கிலோகூட இருக்காது. உள்ளே இருப்பது அதே ஐந்து செல்தான், சிலதில் அதுவும் இல்லை. பற்றரியின் அடியில் சின்ன எழுத்தில் உண்மையான வோல்ட் போட்டிருந்தாலும் போட்டிருக்கும். பெரிய எழுத்தை விட்டுவிட்டுச் சின்ன எழுத்தைப் படியுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. தீபாவளிக்கு வரும்போது சந்தையில் 88 வோல்ட் மெஷின் ஒன்றை, பில் இல்லாமல், இரண்டு பற்றரியோடு வாங்கி வந்தான். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். முதல் பற்றரி ஒன்றரை மாதத்தில் சார்ஜ் ஏறவில்லை. மற்றது சார்ஜ் போட்டால் கை வைக்க முடியாத சூடு. திரும்பப் போய்க் கேட்டபோது விற்றவன் அந்த இடத்திலேயே இல்லை. அந்தக் காசு அவன் அம்மா எத்தனை நாள் மலையில் நின்ற காசு என்று கணக்குப் பார்த்தால் மனசு வலிக்கும்.

மற்ற எண்கள்

பற்றரியில் ஏ.எச். என்று ஓர் எண் இருக்கும். அம்பியர் மணி என்று அர்த்தம். தண்ணீர்த் தாங்கி எவ்வளவு பெரியது என்பது போல. வோல்ட்டையும் இதையும் பெருக்கினால் பற்றரியில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று வரும். 18 வோல்ட், 2 ஏ.எச். என்றால் 36 வாட் மணி. 1.5 ஏ.எச். என்றால் 27. வீட்டு வேலைக்கு 1.5 அல்லது 2 போதும். பெரிய பற்றரி கையைப் பாரமாக்கும், விலையும் கூடும். ஒரு பெரிய பற்றரியை விட இரண்டு சின்னப் பற்றரி நல்லது. ஒன்று வேலையில், ஒன்று சார்ஜில்.

கரண்ட் பில் கூடிவிடும் என்று பயப்பட வேண்டாம். 36 வாட் மணிப் பற்றரியை ஏற்ற, சார்ஜரில் போகும் நட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு யூனிட்டில் ஏறக்குறைய 20 தடவை ஏற்றலாம்.

இன்னொன்று முறுக்கு பலம். நியூட்டன் மீற்றர் என்று போட்டிருக்கும். 25, 30 என்று இருந்தால் வீட்டுக் கதவு, ஜன்னல், தட்டு எல்லாம் செய்யலாம். நீளமான ஸ்குருவைப் பலா, தேக்கு மாதிரிக் கெட்டி மரத்தில் நிறைய முறுக்குகிறவருக்கு 40க்கு மேலே வேணும். இந்த எண்ணையும் மலிவு மெஷின்காரர் இஷ்டத்துக்குப் போடுவார்கள். நம்பத் தகுந்த கம்பனி என்றால்தான் எண்ணுக்கு அர்த்தம்.

"பிரஷ்லெஸ்" என்று எழுதியிருந்தால் மோட்டாரில் தேய்கிற கரித்துண்டு இல்லை என்று பொருள். உழைப்பு அதிகம், சார்ஜும் கூட நேரம் நிற்கும், விலையும் அதிகம். தினமும் தொழிலுக்குப் பாவிக்கிறவருக்கு அது பெறுமதி. மாதத்தில் இரண்டு நாள் எடுக்கிற வீட்டுக்குச் சாதாரண மோட்டாரே போதும்.

சுத்தியல் அடி வேணுமா?

சில மெஷினில் சுத்தியல் படம் போட்ட நிலை ஒன்று இருக்கும். அதில் வைத்தால் பிட் சுற்றிக்கொண்டே முன்னும் பின்னும் தட்டும். செங்கல், சீமெந்துக் கல்லுக்கு இது உதவும். புது வீட்டில் இருக்கிறவர்கள் 18 வோல்ட், சுத்தியல் உள்ளதாக எடுத்தால் நல்லது. லயத்தில் இருந்து மர வேலையும் தகர வேலையும் மட்டும் செய்கிறவர்களுக்கு 12 வோல்ட் போதும். அது பாரம் குறைவு. தாய்மாரும் ஒரு கையால் பிடிக்கலாம். "இது ஆம்பளை வேலை" என்று ஒதுங்க வேண்டாம். நாள் முழுக்க மலையில் நின்று கூடை சுமக்கிற கைக்கு ஒன்றரைக் கிலோ மெஷின் பெரிசா?

கொன்கிரீட்டுக்கு என்று தனியாக எஸ்.டி.எஸ். என்கிற மெஷின் இருக்கிறது. அது வேறு வகை, பிட்டும் வேறு. வீட்டுக்கு அது தேவையில்லை.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

ஒன்று: பெட்டிக்குள் என்ன இருக்கிறது? சில நல்ல கம்பனி மெஷின் மலிவாகத் தெரியும். திறந்து பார்த்தால் வெறும் மெஷின். பற்றரியும் சார்ஜரும் தனியாக வாங்க வேணும். அந்த மூன்றையும் கூட்டி விலை கேளுங்கள்.

இரண்டு: "இதற்குத் தனிப் பற்றரி என்ன விலை, இங்கே கிடைக்குமா?" என்று கேளுங்கள். இதுதான் முக்கியமான கேள்வி. மெஷின் நிற்கும், பற்றரி சில வருஷத்தில் தேயும். பற்றரி கிடைக்காத மெஷின், மாடு இல்லாத வண்டி.

மூன்று: பிட் பூட்டும் வாயில், அதாவது சக்கில், ஒரு பிட்டைப் பூட்டி மெதுவாக ஓட விடுங்கள். பிட்டின் நுனி வட்டம் போட்டு ஆடக் கூடாது. விசையை மெல்ல அழுத்தினால் மெல்லவும், கூட அழுத்தினால் வேகமாகவும் ஓட வேணும். முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். மேலே 1, 2 என்று கியர் இருக்க வேணும். 1 ஸ்குரு முறுக்க, 2 துளை போட. கழுத்தில் எண் போட்ட வளையத்தைச் சின்ன எண்ணில் வைத்து சக்கைக் கையால் பிடித்தால் "டக்டக்" என்று சத்தம் வந்து நிற்க வேணும். இது ஸ்குரு தலை உடையாமல் காப்பாற்றும் அமைப்பு.

நான்கு: சார்ஜரின் பின்பக்கத்தைப் படியுங்கள். 220 முதல் 240 வோல்ட் என்று இருக்க வேணும். ஜப்பானிலிருந்து வரும் பழைய மெஷின்கள் நல்ல உழைப்பு உள்ளவைதான். ஆனால் அந்த நாட்டுக் கரண்ட் 100 வோல்ட். அந்தச் சார்ஜரை நம்ம பிளக்கில் நேரே போட்டால் எரிந்து போகும்.

ஐந்து: பில். கடைப் பெயர், திகதி, மெஷினின் மொடல், தொடர் இலக்கம் எல்லாம் எழுதிய பில்லை வாங்குங்கள். வாரண்டி அட்டையில் கடை முத்திரை இருக்க வேணும். வாரண்டி மெஷினுக்கு மட்டுமா, பற்றரிக்கும் சார்ஜருக்கும் உண்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை என்று நீங்கள் போய்வரக் கூடிய டவுனில் திருத்திக் கொடுக்கிற இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பில் இருந்தால்தான் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு செய்ய முடியும். 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டத்தால் அமைத்த சபை அது. 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லலாம், தமிழிலும் சொல்லலாம். தயங்கக் கூடாது.

காசு எங்கிருந்து?

விலையை ரூபாவில் மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் ஒரு நாள் சம்பளத்தால் பிரித்துப் பாருங்கள். எத்தனை பேர் போட்ட காசு என்று தெரியும். அத்தனை நாள் உழைப்புக்கு இது பெறுமதியா என்று வீட்டில் புருஷனும் பெண்சாதியும் உட்கார்ந்து பேசுங்கள். வாரா வாரம் வட்டி கட்டும் கடனில் இந்தச் சாமான் வாங்கவே வேண்டாம். மெஷின் ஓய்ந்த பிறகும் கடன் ஓயாது.

என்னுடைய யோசனை இது. ஒரு லயத்தில் எட்டு, பத்து வீடு இருக்கிறது. எல்லோருக்கும் தனித்தனி மெஷின் எதற்கு? மாதத்தில் இருபத்தெட்டு நாள் அது சும்மாதான் கிடக்கும். நாம் சீட்டுப் பிடிக்கத் தெரிந்தவர்கள். அதே மாதிரி பத்து வீடு சேர்ந்து மாதம் கொஞ்சமாகப் போட்டால் நாலைந்து மாதத்தில் வாரண்டியோடு ஒரு நல்ல மெஷின் எடுக்கலாம். தனியாக வாங்கினால் மலிவு மெஷின். சேர்ந்து வாங்கினால் நல்ல மெஷின்.

ஆனால் பொதுச் சாமான் சண்டைச் சாமான் ஆகாமல் இருக்க வேணும். அதற்குச் சில ஒழுங்குகள். ஒரு கொப்பி போடுங்கள்: எடுத்தவர் பெயர், திகதி, திருப்பிக் கொடுத்த திகதி. ஒரு வீட்டில் மட்டும் வைக்க வேணும். வருஷத்துக்கு ஒரு தடவை வீடு மாறலாம். பிட் உடைத்தவர் பிட் வாங்கி வைக்க வேணும். வெளியே கூலிக்கு எடுத்துப் போகிறவர் ஒரு தொகையைப் பொதுப் பணத்தில் போட வேணும். அந்தப் பணம்தான் பிறகு புதுப் பற்றரி வாங்கும். காசு போடாத விதவைத் தாய் ஒருவர் தாழ்ப்பாள் பூட்டக் கேட்டால் இல்லை என்று சொல்லாதீர்கள். கொப்பியில் அதற்கும் ஒரு வரி இருக்கட்டும்.

சுவரில் கை வைக்கு முன்

மெஷினில் வயர் இல்லை, ஆகவே கரண்ட் அடிக்காது என்று சில தம்பிமார் நினைக்கிறார்கள். சுவருக்குள் ஓடும் 230 வோல்ட் வயரில் பிட் பட்டால் பற்றரி மெஷின் என்றாலும் உங்களுக்கு அடிக்கும். சுவிட்ச்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கத்தில் துளை போடாதீர்கள். லயத்தில் இன்னொரு விஷயம் உண்டு. உங்கள் சுவரின் மறுபக்கம் அடுத்த வீட்டுக்காரரின் சுவர். அவருடைய சுவிட்ச் எங்கே, வயர் எங்கே என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மெயின் சுவிட்சை இரண்டு வீட்டிலும் அணைத்துவிட்டு வேலை செய்தால் இன்னும் நல்லது. பகலில் வெளிச்சத்தில் செய்யலாம்.

பழைய மண் சுவரில் சுத்தியல் அடியைப் போடாதீர்கள். பூச்சு விழும், அடுத்த வீட்டுச் சாமிப் படமும் விழும். சாதாரணச் சுற்றிலேயே கல்லின் நடுவே துளை போடுங்கள். இரண்டு கல்லுக்கு இடையே உள்ள சாந்தில் போட்டால் ஆணி நிற்காது. வெடிப்பு உள்ள இடம், சுவர் மூலை வேண்டாம். லயம் தோட்டத்துச் சொத்து. ஆணி, தட்டு பரவாயில்லை. சுவரை இடிக்கிற, கதவு வைக்கிற வேலை என்றால் ஆபீசில் கேட்டுத்தான் செய்ய வேணும்.

சுவருக்குக் கல்லு பிட், மரத்துக்கு மர பிட், இரும்புக்கு இரும்பு பிட். மாற்றிப் போட்டால் பிட் கெடும். சுவரில் 6 மில்லிமீற்றர் ரோல் பிளக் என்றால் 6 மில்லிமீற்றர் பிட். பிளக்கின் நீளத்துக்கு பிட்டில் டேப் ஒட்டுங்கள். டேப் சுவரைத் தொட்டதும் நிறுத்துங்கள். துளையில் இருக்கும் தூளை எடுத்துவிட்டு பிளக்கைத் தட்டி இறக்கி, பிறகு ஸ்குரு. தூள் இருந்தால் பிளக் இறுகாது, தட்டு ஒரு நாள் சோறு சட்டியோடு கீழே வரும்.

கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். முடியைக் கட்டுங்கள். முந்தானை, சால்வை, தளர்ந்த கையுறை எதுவும் தொங்கக் கூடாது. பிட் மாற்றும்போது பற்றரியைக் கழற்றிவிடுங்கள். சின்னப் பிள்ளைகளை இஸ்தோப்புக்கு அனுப்பிவிடுங்கள்.

அஸ்பெஸ்டஸ் கூரையில் வேண்டாம்

இதை இரண்டு தடவை சொல்கிறேன். அஸ்பெஸ்டஸ் சீட்டில் மெஷினால் துளை போடாதீர்கள். அஸ்பெஸ்டஸ் சீட்டில் மெஷினால் துளை போடாதீர்கள். வேகமாகச் சுற்றும் பிட் அந்தச் சீட்டைக் கண்ணுக்குத் தெரியாத நாராகத் தூளாக்கும். அது சுவாசப்பைக்குள் போனால் வெளியே வராது. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. நோய் உடனே தெரியாது, பல வருஷம் கழித்துத்தான் தெரியும். பத்தடிக் காம்பராவுக்குள் அந்தத் தூள் விழுந்தால் தொட்டில் பிள்ளையும் அதைத்தான் சுவாசிக்கும். கூரையில் வேலை என்றால் அதற்குத் தெரிந்த ஆளிடம் விடுங்கள். உடைந்த துண்டுகளைக் கூட்டுவதற்கு முன் தண்ணீர் தெளியுங்கள். அந்தச் சீட்டின் மேலே ஏறி நிற்பதும் ஆபத்து. பாரம் தாங்காமல் உடைந்து ஆள் உள்ளே விழுந்துவிடுவார்.

பற்றரியைப் பிள்ளை போலப் பாருங்கள்

லித்தியம் பற்றரிக்குச் சூடு ஆகாது. குசினி அடுப்புக்கு மேலே வைக்காதீர்கள், வெயில் படும் தகரத்தடியில் வைக்காதீர்கள். வேலை முடிந்து சூடாக இருந்தால் ஆறவிட்டுச் சார்ஜ் போடுங்கள். கட்டில் மேலே, மெத்தை மேலே வைத்துச் சார்ஜ் செய்யக் கூடாது. சீமெந்துத் தரையில் வையுங்கள். ராத்திரி தூங்கப் போகும்போது சார்ஜில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வேறு மெஷினின் சார்ஜரில் போடாதீர்கள். மாதக் கணக்கில் எடுக்காமல் வைப்பதென்றால் பாதி சார்ஜில் வையுங்கள். சுத்தமாக இறங்கிய பற்றரியை அப்படியே போட்டால் அது எழும்பாது.

பற்றரி உப்பியிருந்தால், விழுந்து உடைந்திருந்தால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது. திறந்து பார்க்க வேண்டாம், ஆணி அடிக்க வேண்டாம். குப்பையோடு எரித்தால் வெடித்துத் தீப்பிடிக்கும். ஓடையில் எறிந்தால் கீழே இருக்கிற லயத்து ஆட்கள் குடிக்கிற தண்ணீரில் நஞ்சு சேரும். வாங்கிய கடையிலோ டவுனில் பழைய இலெக்ட்ரோனிக் கழிவு எடுக்கிற இடத்திலோ கொடுங்கள்.

முடிவாக

சுருக்கமாகச் சொல்கிறேன். லயத்து மர வேலைக்கு 12 வோல்ட். புது வீட்டுக்கு 18 வோல்ட், சுத்தியலோடு. 1.5 அல்லது 2 ஏ.எச். பற்றரி, முடிந்தால் இரண்டு. தனிப் பற்றரி கிடைக்கிற கம்பனி. பில்லும் வாரண்டியும். கடன் இல்லாமல், முடிந்தால் லயமாகச் சேர்ந்து. பெரிய எண் போட்ட பெட்டியைக் கண்டால் ஒதுங்குங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மெஷினை ஒழுங்காகப் பிடிக்கப் பழகினால் அது ஒரு தொழிலின் முதல் படி. தச்சு வேலை, அலுமினிய வேலை, வீட்டுத் திருத்த வேலை என்று டவுனில் ஆள் தேவை இருக்கிறது. லயத்தில் பத்துத் தாழ்ப்பாள் பூட்டின கை, நாளைக்குப் பத்து வீட்டுக்குக் கதவு பூட்டும்.

அந்தப் பத்துத் தாழ்ப்பாளையும் முதலில் நம்ம லயத்துக் கக்கூஸ் கதவுகளில் பூட்டுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது எந்த லயத்தில் எத்தனை கதவு முடிந்தது என்று நான் கேட்பேன். கொப்பியோடு வாருங்கள்.